மார்ச் 8 வேண்டாம், சாதாரணப் புதன்கிழமை போதும்: சென்னை சபா செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் ஆழ்வார்பேட்டையிலும் நங்கநல்லூரிலும் சபா நடத்தும் உங்களில் பலருக்குத் தனித்தனியாகக் கடிதம் போட்டாயிற்று. சிலர் பதில் எழுதினீர்கள், நன்றி. சிலர் “கமிட்டியில் வைக்கிறோம்” என்றீர்கள். வைத்த இடத்திலேயே இருக்கிறது போலிருக்கிறது. அதனால் இந்த முறை எல்லோருக்கும் சேர்த்து ஒரே கடிதம், ஊரறிய.

நாங்கள் பெண்கள் நடத்தும் ஒரு நாடகக் குழு. பெண்ணியக் குழு என்றும் சொல்லலாம், எங்களுக்கு அதில் கூச்சம் இல்லை. வரும் ஆண்டு குழுவுக்கு 20 வயது. பழைய நாடகங்களைத் தூசி தட்டி விழா எடுப்பதற்குப் பதிலாக, நான்கு புது நாடகங்கள் போடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். நான்கும் தமிழில், நான்கையும் எழுதுவது பெண்கள். குழுவின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் கடிதம் விளம்பரமாகிவிடும். அதோடு, நான் சொல்லப்போவது எங்களுக்கு மட்டும் நடக்கிற சங்கதியும் இல்லை. இந்த ஊரில் நாடகம் போடுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதில் பாதியையாவது சொல்வாள்.

கேட்பது இவ்வளவுதான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, உங்கள் அரங்கம் பூட்டிக் கிடக்கிற புதன்கிழமைகளில் சிலவற்றை எங்களுக்குக் கொடுங்கள். சனி, ஞாயிறு கேட்கவில்லை. அந்த மாதங்களில் அவை அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்குப் போய்விடும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் ஒரு சபா ஒரு புதன் கொடுத்தால் காரியம் ஆகாது. ஐந்தாறு சபாக்கள் சேர்ந்து நான்கு நாடகங்களையும் சுற்றுக்கு எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாடகமும் குறைந்தது ஐந்து முறையாவது மேடை ஏற வேண்டும். பதிலுக்கு, மகளிர் தினமான மார்ச் 8-ஆம் தேதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் பிப்ரவரி பிறந்ததும் போன் வரும். “மேடம், மகளிர் தினத்துக்கு ஏதாவது பண்ணலாமே. அரை மணி நேரம் போதும். கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா இருக்கட்டும்.” போவோம். சாதனைப் பெண்களுக்குச் சால்வை போடுவதற்கும் கோலப் போட்டிப் பரிசளிப்புக்கும் நடுவில் எங்களைச் செருகியிருப்பார்கள். மேடையில் சிறப்பு விருந்தினருக்கான நாற்காலி, வெல்வெட் துணி விரித்த மேஜை, பின்னால் ஃபிளெக்ஸ் பேனர். எதையும் நகர்த்தக் கூடாது, அடுத்த நிகழ்ச்சிக்கு வேண்டும். மேஜைக்கு முன்னால் மிஞ்சிய நான்கடி அகலத்தில் நடிக்க வேண்டும். ஒரு வருஷம் குத்துவிளக்கும் அந்த நான்கடிக்குள் இருந்தது. ஏற்றிய விளக்கை நகர்த்துவது அபசகுனம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் நாடகத்தில் ஒரு பெண் செத்துக் கிடக்கிற காட்சி. வேறு இடமில்லாமல் அவள் விளக்கடியில் போய்ப் படுத்தாள். தலைமாட்டில் விளக்கு அமைதியாக எரிந்தது. முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து “டைரக்‌ஷன் பிரமாதம்மா” என்று கையைக் குலுக்கினார்.

சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்காக நாங்கள் ஒருபோதும் புது நாடகம் எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எழுத மாட்டோம். ஒரே ஒரு தடவை, சால்வைக்கும் கோலத்துக்கும் நடுவில் போடுவதற்காக யார் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து எழுதுவார்கள்? இருக்கிற எதையாவது வெட்டி ஒட்டிக் கொண்டுவருவோம். பெண்களின் நாடகம் என்றாலே கொஞ்சம் அழுகை, கொஞ்சம் கோஷம், முடிவில் எல்லோரும் கைகோத்து நிற்பது என்று உங்கள் உறுப்பினர்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அது அவர்கள் தப்பு இல்லை. அதை மட்டும்தான் அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம்.

சபாக்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உண்மையில், புது நாடகம் வளர்வதற்கு இந்த ஊர் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு என்றால் அது உங்கள் சபாச் சுற்றுதான். இப்போதைய கமிட்டிக்காரர்கள் பலருக்கே அது மறந்துபோயிருக்கலாம். வருஷச் சந்தா கட்டிய உறுப்பினர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மாதாமாதம் நிகழ்ச்சி கொடுத்தாக வேண்டும். ஒரு குழு புதுசாக நாடகம் போட்டால் ஒரு சபா வாங்கும், அதைப் பார்த்து அடுத்த சபா வாங்கும், அப்புறம் குரோம்பேட்டை, அம்பத்தூர் என்று போகும். டிக்கெட் விற்குமா என்ற கவலை எழுதியவருக்குக் கிடையாது. அவருடைய வேலை கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஜனங்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள், எங்கே எழுந்து கேண்டீனுக்குப் போகிறார்கள் என்று பார்ப்பது. அடுத்த காட்சிக்கு முன் அந்த இடத்தைத் திருத்துவது. இருபதாவது காட்சியில் நாடகம் வேறு நாடகமாக ஆகியிருக்கும்.

அப்படி ஆனவர்கள்தான் எல்லோரும். கே. பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் (ஏ.ஜி.) ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். சோ வக்கீல். கிரேஸி மோகன் என்ஜினியரிங் படித்துவிட்டுக் கம்பெனி வேலையில் இருந்தவர். முழுநேர நாடகக்காரர் என்று அநேகமாக யாருமே இல்லை. ஆபீஸ் விட்டதும் ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை காட்சி. சபாக்கள் தொடர்ந்து வாங்கியதால்தான் அவர்களால் தொடர்ந்து எழுத முடிந்தது. (அவர்கள் ஆபீஸ் முடிந்து நேரே ஒத்திகைக்குப் போன காலத்தில் வீட்டில் ராத்திரி சாப்பாட்டை யார் கவனித்தார்கள் என்பது தனி நாடகம். அதுவும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.)

“எங்கள் ஆடியன்ஸுக்கு அரசியல் ஒத்து வராது” என்று உங்களில் ஒருவர் சொன்னார். 1968-இல் சோவின் அரசியல் கேலி நாடகமான ‘முகமது பின் துக்ளக்’ பார்த்துக் கைதட்டியது யார்? 1980-இல் கோமல் சுவாமிநாதன் குடிதண்ணீர் இல்லாத ஒரு கிராமத்தை மேடைக்குக் கொண்டுவந்து, அரசாங்கத்தை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாரே, அந்தத் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தைப் பார்த்தது யார்? உங்கள் உறுப்பினர்களும் அவர்களுடைய அப்பா அம்மாவும்தான். அரசியல் ஒத்து வந்தது. பெண் எழுதிய அரசியலைத்தான் யாரும் இன்னும் பரிமாறிப் பார்க்கவில்லை. அந்தச் சுற்றில் எழுத்தாளர் என்று பெயர் வாங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். நடிகைகள் இருந்தார்கள். “இதோ காபி கொண்டு வரேன்” என்று சொல்லிவிட்டு சைடு விங்குக்குள் போனவர்கள். நாடகம் முடியும்வரை சிலருக்கு அந்தக் காபி வரவே இல்லை.

அடுத்தது, “பெண்கள் மட்டும் போட்டால் கூட்டம் வராது.” இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை, உங்கள் சொந்தச் சரித்திரம் சொல்லும். நூறு வருஷத்துக்கு முன்னால் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். ஆண் வேஷமும் பெண்களே கட்டினார்கள். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காகத் தனி ரயிலே விட்டார்கள், அதற்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பேர் என்று நாடகக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சென்னையில் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் ஆரம்பித்த சுகுண விலாச சபையில் நிலைமை நேர் எதிர்; படித்த, உத்தியோகம் பார்க்கிற ஆண்களின் சபை. கதாநாயகியே ஆண்தான். ரங்கவடிவேலு பெண் வேஷத்துக்கென்றே புகழ் பெற்றவர். பெண் மேடை ஏறினால் கௌரவம் போய்விடும் என்று நினைத்த காலம். சென்னையின் சபாக்கள் வழிவழியாக எடுத்துக்கொண்டது பாலாமணியை இல்லை, இவர்களை.

அவ்வளவு தூரம் போவானேன்? பாம்பே ஞானம் 1989-இல் இதே ஊரில் மகளிர் மட்டும் நடிக்கிற குழுவை ஆரம்பித்தார். மாமனார், மாப்பிள்ளை, மேனேஜர் எல்லாம் பெண்களே. உங்கள் மேடைகளில்தான் நடித்தார்கள், உங்கள் உறுப்பினர்கள்தான் பார்த்தார்கள். எங்களுடைய நாடகமும் அவருடைய நாடகமும் வேறு வேறு வகை, அதை ஒப்புக்கொள்கிறேன். அவர் பின்னால் பக்தி நாடகங்களுக்குப் போனார், நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் மீசை ஒட்டிக்கொண்ட ஒரு பெண்ணைப் பார்த்து சபா ஜனங்கள் எழுந்து ஓடிவிட மாட்டார்கள் என்பதை அவர் எப்போதோ நிரூபித்துவிட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் எங்கள் பக்கம். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் ‘வாய்சிங் சைலன்ஸ்’ என்ற நாடகத் திட்டம் நடந்தது. அ. மங்கை இயக்கினார். பெண் சிசுக்கொலை பற்றிய ‘பச்ச மண்ணு’ அதில் வந்ததுதான். ‘குலவை’ என்று பெண்கள் நாடக விழாக்களும் நடந்தன. கவிஞர் இன்குலாப் எழுதிய ‘ஔவை’யையும் மங்கை மேடையேற்றினார். கோலூன்றிய கூனக்கிழவி இல்லை. ஊர் ஊராகப் போன இளம் பாணர் பெண், அதியமானோடு உட்கார்ந்து கள் குடித்தவள். புறநானூற்றில் ‘சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே’, அதாவது கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று அவளே சொல்லியிருக்கிறாள், யாரும் இட்டுக்கட்டவில்லை. பிறகு திருநங்கைகளே நடித்த கண்ணாடி கலைக்குழு வந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவும் நண்பர்களும் ‘பன்மை’ குழுவைத் தொடங்கித் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே மேடையில் சொன்னார்கள். இவ்வளவும் சென்னையில் நடந்தது. பெரும்பாலும் கல்லூரி வளாகம், கலாசார மையம், பெசன்ட் நகர் ஸ்பேசஸ், மியூசியம் தியேட்டர், தெருமுனை. நாடகம் பிடித்து சந்தா கட்டுகிற உங்கள் உறுப்பினர்களில் எத்தனை பேர் இதில் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள்? இரண்டு நாடக உலகங்கள், நடுவில் ஒரே ஒரு ரோடு. யாரும் கடப்பதில்லை.

கடக்காததால் என்ன நஷ்டம் என்று சொல்கிறேன். எங்களிடம் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. அதில் ஒரே ஒரு முறை மேடை ஏறிய நாடகங்களின் பிரதிகள் கிடக்கின்றன. வாடகைக்கு எடுத்த அரங்கம், ஒரு சாயங்காலம், நண்பர்கள், சொந்தக்காரர்கள், நாலு பத்திரிகையாளர்கள். முடிந்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வோம், போட்டோ எடுத்துக்கொள்வோம். அடுத்த காட்சிக்கு வாடகை இல்லை. இரண்டு மாதத்தில் ஒரு நடிகைக்குக் கல்யாணம், ஒருத்திக்கு பெங்களூருக்கு மாற்றல், ஒருத்தியின் மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன். மறுபடி சேர்ப்பதென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எழுதியவளுக்குத் தன் நாடகத்தின் இரண்டாம் பாதி ஏன் தொய்ந்தது என்று கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது. முதல் காட்சியை வைத்து யாரும் நாடகாசிரியர் ஆகிவிட முடியாது. ஆண்களும் ஆகவில்லை.

கனடாவின் டொராண்டோவில் நைட்வுட் தியேட்டர் என்று ஒரு பெண்ணியக் குழு 1979-இலிருந்து நடக்கிறது. அவர்கள் புது நாடகத்தை நேரே மேடைக்குத் தள்ளுவதில்லை. ‘கிரவுண்ட்ஸ்வெல்’ என்ற பெயரில் விழா மாதிரி நடத்தி, எழுதிக்கொண்டிருக்கும் பிரதியை ஜனங்கள் முன்னால் வாசித்துப் பார்த்து, திருத்தி, பிறகு முழு நாடகமாக்குகிறார்கள். ஆன்-மேரி மெக்டொனால்ட் ஷேக்ஸ்பியரின் டெஸ்டிமோனாவையும் ஜூலியட்டையும் வைத்து எழுதிய கேலி நாடகம் 1988-இல் அங்கேதான் முதலில் மேடை ஏறியது. ஒரு தடவையோடு பெட்டியில் போட்டுப் பூட்டவில்லை. 1990-இல் அதற்கு கனடாவின் கவர்னர் ஜெனரல் விருது கிடைத்தது. இப்போது பல நாடுகளில் போடுகிறார்கள். அங்கே அரசாங்க மானியம் இருக்கிறது, நமக்கு இல்லை என்பீர்கள். சரி. ஆனால் நம்மிடம் இருக்கிற சபாச் சுற்று அவர்களிடம் இல்லையே. தமிழக அரசின் இயல் இசை நாடக மன்றம் புது நாடகத் தயாரிப்புக்கு நிதியுதவி தருகிறது, அதற்கும் மனுப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அது நாடகத்தைப் பிறக்க வைக்கும். வளர்ப்பதற்கு நீங்கள்தான் வேண்டும்.

இப்போது ஸ்கிரிப்ட் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கப்போவதில்லை.

ஒரு சபாவிலிருந்து, பெயர் வேண்டாம், எங்கள் பிரதியைக் கேட்டு வாங்கினார்கள். பத்து நாள் கழித்து போன். “மேடம், நாடகம் நல்லா இருக்கு. அந்தப் பீரியட்ஸ் சீன் மட்டும் எடுத்துடுங்களேன். ஃபேமிலி ஆடியன்ஸ்.” குடும்பம் என்றால் அதில் பாதிப் பேருக்கு மாதாமாதம் வருகிற விஷயம் சார் இது, என்றேன். அவர் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். “எனக்குப் புரியுது, கமிட்டியில் சீனியர்ஸ் இருக்காங்க” என்றார். அந்த சீனியர்களில் ஒருவரின் மனைவி எங்கள் நாடகத்தை வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு, அந்தக் காட்சியில்தான் தனக்குச் சிரிப்பு அடங்கவில்லை என்று என்னிடம் சொன்னவர். அதை நான் போனில் சொல்லவில்லை. வீட்டுக்குள் கலகம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த ஊரில் பிரதியைக் கொண்டுபோய்ப் போலீஸிடம் காட்டி அனுமதி வாங்கித்தான் நாடகம் போட வேண்டும் என்று இருந்தது. வெள்ளைக்காரன் 1876-இல் கொண்டுவந்த சட்டம். அதைப் பார்த்து நாமே 1954-இல் செய்துகொண்ட மாநிலச் சட்டம். 2004-இல், பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே பேசும் ஒரு அமெரிக்க நாடகத்துக்குச் சென்னையில் அனுமதி மறுத்தார்கள். பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி அந்த 1954 சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பழைய 1876 சட்டத்தையும் மத்திய அரசு பிறகு ரத்து செய்துவிட்டது. கோர்ட்டே கூடாது என்று சொன்ன வேலையைக் கமிட்டி கையில் எடுப்பானேன்? பிரதி கேளுங்கள், தருகிறோம். படித்துவிட்டு “இது எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எடுப்பதென்றால் முழுசாக எடுங்கள். வேண்டுமானால் போஸ்டரில் ‘வயது வந்தோருக்கு’ என்று போட்டுக்கொள்வோம்.

வெட்டுவதற்கு வேறொரு வழியும் இருக்கிறது, அது தெரியாமலே நடப்பது. எங்கள் நாடகம் ஒன்றில், கணவன் செத்த பத்தாம் நாள், வீட்டுக்காரி தனியாக உட்கார்ந்து கீரை ஆய்கிற காட்சி. வசனம் கிடையாது. முருங்கைக் கீரை, காம்பு காம்பாக உருவி முறத்தில் போடுவாள், பாதியில் நிறுத்துவாள், கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள், பிறகு மெல்ல ஒரு பழைய பாட்டை முனகத் தொடங்குவாள். மூன்று நிமிஷம். அந்த அரங்கத்தில் மேலே மைக் தொங்கவிட்டிருந்தார்கள். வசனம் வராததைப் பார்த்து சவுண்ட்காரர் பதறிப்போய் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனார். மின்விசிறிச் சத்தம் விமானம் மாதிரி கேட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து “மைக் வேலை செய்யலப்பா!” என்று குரல். செயலாளரே விங்குக்கு ஓடி வந்து “டயலாக் மறந்துட்டாங்களா?” என்று கேட்டார். நடிகை அசரவில்லை, கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. மைக்குக்கு முன்னால் வந்து நின்று வசனத்தை விட்டெறிந்து கைதட்டல் வாங்குகிற நாடகத்துக்காகச் செய்துவைத்த மேடை அது. அதே ஜனங்களுக்கு அந்தக் காட்சியை மூன்று முறை காட்டியிருந்தால் நான்காவது முறை மூச்சுவிடாமல் பார்த்திருப்பார்கள். அதற்கும்தான் ஐந்து காட்சி கேட்கிறேன். பழக வேண்டியது எழுதுகிறவள் மட்டும் இல்லை.

நான்கு நாடகங்களும் எதைப் பற்றி என்று கேட்பீர்கள். தலைப்புகள் இன்னும் முடிவாகவில்லை. முதலாவது பெரும்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் விடியற்காலை நடக்கிறது. நகரத்துக்குள் இருந்த குடிசையை எடுத்துவிட்டு அடுக்குமாடியில் கொண்டுபோய்க் குடிவைத்த பெண்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள். முன்பு ஐந்து நிமிஷம் நடந்து போன அதே வீட்டுக்கு இப்போது இருட்டில் கிளம்பி இரண்டு பஸ் மாறுகிறார்கள். டிக்கெட் இலவசம், தூக்கம்தான் கட்டணம் என்று அதில் ஒருத்தி சொல்வாள். எழுதிய பெண்ணின் அம்மா அந்த பஸ்ஸில்தான் வருகிறார். மயிலாப்பூரில் அந்த நாடகத்தைப் போட வேண்டும் என்று நாங்கள் அடம் பிடிப்பதற்குக் காரணம் உங்களுக்குப் புரியும்: அந்த பஸ் வந்து சேர்கிற இடம் உங்கள் உறுப்பினர்களின் சமையலறை.

இரண்டாவது சுத்தமான காமெடி. வேளச்சேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டுகிற வார்டன், இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வருகிற ஐ.டி. பெண்கள். பெண்கள் நாடகம் என்றால் கைக்குட்டை எடுத்து வர வேண்டும் என்று நினைப்பவர்கள் இதற்கு வரலாம். ஒத்திகையில் நடிகைகளே வசனத்தை முடிக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது, ஞாபகம் தப்பிப்போன மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் அறுபது வயது மருமகளைப் பற்றியது. இரண்டே பேர், ஒரு கட்டில். எழுதியவர் ரிடையரான டீச்சர், இதுதான் அவருடைய முதல் நாடகம். நான்காவது என்னுடையது. இன்னும் முடியவில்லை, பேசினால் நின்றுவிடும்.

காசு விஷயத்தையும் பேசிவிடலாம். மற்றக் குழுக்களுக்கு ஒரு காட்சிக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே கொடுங்கள், ஒரு ரூபாய் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். “உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர்” என்று சொல்லாதீர்கள். செட் சாமான் ஏற்றி வருகிற டெம்போக்காரர் எக்ஸ்போஷரை வாங்கிக்கொள்ள மாட்டார், லைட் வாடகைக்காரரும் மாட்டார். எங்கள் நடிகைகளில் பாதிப் பேர் அன்றைக்கு அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். ஆறரைக்கு ஆரம்பித்து எட்டே காலுக்குள் முடித்துவிடுகிறோம். தாம்பரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போக வேண்டிய பெண்கள் வருவார்கள். வரவேற்புரை, நன்றியுரை, பொன்னாடை எல்லாம் சேர்ந்தால் அவர்களால் கடைசிக் காட்சியைப் பார்க்க முடியாது. கிரீன் ரூமில் பெண்கள் கழிப்பறைச் சாவி வாட்ச்மேன் சட்டைப் பையில் இருக்கக் கூடாது, மாலை நான்கு மணியிலிருந்தே திறந்திருக்க வேண்டும். பன்னிரண்டு பெண்கள் மேக்கப் போடுகிற அறைக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும், கண்ணாடி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தையோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம், குழந்தை அழுதால் நடிகைகள் சமாளித்துக்கொள்வார்கள். வீட்டில் அதைத்தான் செய்கிறார்கள். கேண்டீன் போண்டாவில் நாங்கள் தலையிட மாட்டோம், அது நன்றாகவே இருக்கிறது.

கூட்டம் எவ்வளவு வரும் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. முதல் புதன்கிழமை பாதி அரங்கம் காலியாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். கோடை நாடக விழாவில் முதல் நாள் வெறிச்சென்று இருந்த நாடகம் பின்னால் சக்கைப்போடு போட்ட கதை உங்களில் மூத்தவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூன்றாவது புதனுக்கு வந்து கணக்கெடுங்கள்.

சந்தேகம் இருக்கிறவர்கள் ஒத்திகைக்கு வரலாம். சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில், செவ்வாய், வியாழன் மாலை நடக்கிறது. டியூப்லைட் ஒன்றுதான், கொசு உண்டு, நாற்காலி நாங்கள் போடுகிறோம். உங்கள் வீட்டு அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவருடைய கருத்தையும் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

தேதிகளை மே முதல் வாரத்துக்குள் சொன்னால் போஸ்டர் அடிக்க வசதியாக இருக்கும். கடிதம் எழுதியபோது கொடுத்த அதே நம்பர்தான். ஆறு மணிக்கு முன்னால் கூப்பிடுங்கள், அதற்குமேல் ஒத்திகையில் எல்லோர் போனும் பைக்குள் போய்விடும்.

இப்படிக்கு,
குழுவில் எழுதுகிறவர்களில் ஒருத்தி,
சென்னை